ஒல்லாந்தர் – ஆங்கிலேயர் போட்டி: விலை கொடுத்தவர் யார்?

புதுவை நகரின் தெருக்களை நூல் பிடித்தாற்போல் நேராக வகுத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். "பிரெஞ்சுக்காரர்" என்றே பலரும் விடையிறுப்பர். கருவடிக்குப்பத்திலும் அதை அடுத்த முத்தியால்பேட்டையிலும் வாழும் நம்மவர்க்கும் அதுவே நம்பிக்கை. உண்மை வேறு. 1693-ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரான்சுவா மர்த்தேனிடமிருந்து இவ்வூரைப் பீரங்கி முழக்கத்தோடு பறித்துக்கொண்டவர்கள், டச்சுக்காரர் என்று இன்று நாம் வழங்கும் ஒல்லாந்தர். 1699 வரை புதுவை அவர்கள் கையில் இருந்தது. அந்த ஆண்டுகளில் அவர்கள் வகுத்த நகர அமைப்பின் மீதுதான் பின்னாளில் பிரெஞ்சுக்காரர் தம் மாளிகைகளை எழுப்பினர்.

ஏன் பறித்தனர்? ஐரோப்பாவில் பிரான்சுக்கும் ஒல்லாந்துக்கும் போர். ஏன் திருப்பித் தந்தனர்? ஒல்லாந்து நாட்டின் ரிஸ்விக் என்னும் ஊரில் 1697-இல் சமாதானம். போரும் அங்கே, சமாதானமும் அங்கே. கைமாறிய ஊரோ இங்கே! இவ்வூரில் மீன் பிடித்தவனையும் தறி நெய்தவனையும் உப்பு விற்றவனையும் யாரேனும் ஒரு சொல் கேட்டதுண்டா?

இந்த வரலாற்றைப் பாடநூல்கள் "ஐரோப்பியரிடையே வாணிகப் போட்டி" என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுகின்றன. போட்டி என்பது எத்துணை மென்மையான சொல்! இருவர் ஓடுகின்றனர், ஒருவர் முந்துகிறார், மற்றவர் பிந்துகிறார் என்பதுபோல் ஒலிக்கிறது. ஓட்டப்பந்தயம் நடந்த தரை நம் முதுகு என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது.

இதனினும் கேடானது இன்னொரு பேச்சு. "ஒல்லாந்தர் வெறும் வணிகர், நாடு பிடிக்கும் ஆசை அவர்களுக்கு இல்லை, ஆங்கிலேயரே சூழ்ச்சிக்காரர்" என்பர் ஒரு சாரார். "ஒல்லாந்தர் கொடியவர், ஆங்கிலேயர் வந்த பிறகே சட்டமும் நீதியும் வந்தன" என்பர் மறுசாரார். புதுவையிலோ, "பிரெஞ்சுக்காரன் காலம் பொற்காலம்" என்று பெருமூச்சு விடுவோரும் உளர். எந்த எசமான் நல்லவன் என்று தரம் பிரிக்கும் இப்பழக்கம் நம்மை விட்டு ஒழிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. இவ்விருவரின் பகையால் நாம் அழிந்தோம். அவர்கள் நட்பாலும் அழிந்தோம். இதற்குச் சான்று வேண்டுவோர் நம் கடற்கரை ஊர்களைக் கேட்கட்டும்.

குண்டு விழுந்த இடமெல்லாம்

முதலில் நம் அண்டை ஊரைப் பார்ப்போம். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம், முன்னர் ஒல்லாந்தர் பண்டகசாலை வைத்திருந்த ஊர். 1690-இல் செஞ்சிக் கோட்டையிலிருந்த மராட்டிய அரசர் இராசாராமை மொகலாயப் படை நெருக்கிக்கொண்டிருந்தது. பணமுடை மிகுந்த அவ்வரசரிடமிருந்து அவ்வூர்க் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர். கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதை அளந்த முறைதான் வியப்புக்குரியது. சங்கிலியும் இல்லை, கோலும் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவது. குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுகிறதோ அவ்வளவு தொலைவுக்குள் இருக்கும் ஊர்கள் யாவும் ஆங்கிலேயருக்கு! இதற்கென்றே சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகத் தேர்ந்து அனுப்பினர். எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் ஏற்பட்டது.

மூன்றே ஆண்டுகளில், அதே அரசரிடமிருந்து புதுவைக்கு உரிமை பெற்று ஒல்லாந்தர் இங்கே வந்திறங்கினர். இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அப்போது இங்கிலாந்தின் அரசரும் ஒல்லாந்தின் தலைவரும் ஒருவரே. மூன்றாம் வில்லியம் என்பது அவர் பெயர். அங்கே இரு நாடுகளும் ஒரு குடைக்கீழ் நட்புப் பூண்டிருந்த காலத்தில்தான் இங்கே இருவரும் ஆளுக்கோர் ஊராக வளைத்தனர். அவர்கள் கைகுலுக்கினால் நமக்கு ஓய்வு கிடைக்கும் என்று எண்ணுவது எத்துணைப் பேதைமை!

பத்து உயிரும் பல்லாயிரம் உயிரும்

இப்போட்டியின் வேரைக் காண வேண்டுமானால், சற்றுக் கடல் கடந்து கிழக்கே செல்ல வேண்டும். ஆங்கிலக் கும்பெனி 1600-இல் தோன்றியது. ஒல்லாந்தக் கும்பெனி 1602-இல் தோன்றியது. இரண்டுக்கும் கண் ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு ஆகியவற்றின் மீது. ஜாதிக்காய் அந்நாளில் விளைந்தது இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த பாந்தா என்னும் சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தில் மட்டுமே. அத்தீவினரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அரசர் இல்லாது, ஊர்ப் பெரியோரைக் கொண்டு தம்மைத் தாமே ஆண்டவர்கள். வந்தவர் யாராயினும் நல்ல விலை கொடுத்தால் விற்றவர்கள். அதுதான் அவர்கள் செய்த குற்றம்!

"எமக்கன்றி வேறெவருக்கும் விற்கலாகாது" என்றனர் ஒல்லாந்தர். தீவினர் ஆங்கிலேயருக்கும் விற்றனர். 1621-இல் யான் பீட்டர்சூன் கூன் என்னும் ஒல்லாந்தத் தலைவர் பெரும்படையோடு வந்திறங்கினார். ஊர்ப் பெரியோர் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழப் பதினைந்தாயிரம் பேர் வாழ்ந்த தீவுகளில், கொலைக்கும் பசிக்கும் அடிமை வாழ்வுக்கும் நாடு விட்டோடியதற்கும் பின் எஞ்சியோர் ஓராயிரம் பேர் அளவே. தோட்டங்களில் உழைக்க அடிமைகள் கொண்டுவந்து நிரப்பப்பட்டனர்.

நட்புக் காட்டி வந்த ஆங்கிலேயர் அவர்களைக் காத்தனரா? இல்லை. ஆனால் ஈராண்டு கழித்து, 1623-இல், அம்போய்னாவில் ஆங்கிலேயர் பத்துப் பேரையும் அவர்களோடு சில ஜப்பானியரையும் ஒல்லாந்தர் கொன்றபோது இங்கிலாந்தே கொதித்தெழுந்தது. நூல்கள் எழுதினர், நாடகம் ஆடினர். 1654-இல் ஒல்லாந்தரிடமிருந்து இழப்பீடும் பெற்றனர். பத்து ஆங்கிலேயருக்கு இழப்பீடு உண்டு. பாந்தா மக்களுக்காக எவரும் எவரிடமும் ஒரு காசு கேட்கவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. பாந்தாவைச் சேர்ந்த ரூன் என்னும் சிறுதீவு தமக்கே உரியது என்று ஆங்கிலேயர் நெடுநாள் வழக்காடி வந்தனர். 1667-இல் பிரேடா உடன்படிக்கையில் அவ்வழக்கை விட்டொழித்தனர். ஒல்லாந்தரும் தம்மிடமிருந்து ஆங்கிலேயர் பறித்த மன்ஹாட்டனை விட்டுக்கொடுத்தனர். இன்றைய நியூயார்க் நகரம் அதுதான். "என்ன கெட்டிக்காரத்தனமான பண்டமாற்று!" என்று இன்றும் வியந்து எழுதுவோர் உண்டு. ரூன் தீவின் மைந்தருக்கும் மன்ஹாட்டனின் செவ்விந்தியருக்கும் அதில் பங்கென்ன என்று கேட்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

கைலியும் அடிமையும்

"பாந்தாவின் கதைக்கும் தமிழகத்துக்கும் என்ன தொடர்பு?" என்று வாசகர் வினவலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. தீவுகளில் வெள்ளிக் காசைவிட விரும்பி வாங்கப்பட்டது சோழமண்டலக் கரையின் துணி. துணி இல்லையேல் ஜாதிக்காய் இல்லை, கிராம்பு இல்லை. எனவேதான் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். அங்கே ஆங்கிலேயருக்கும் இடமளிப்பதாக 1619-இல் ஐரோப்பாவில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆனால் பழவேற்காட்டில் ஆங்கிலேயரால் நிலைக்க இயலவில்லை. வேறிடம் தேடி அலைந்து, முடிவில் 1639-இல் அவர்கள் பெற்ற மணல் திட்டுதான் சென்னை. தமிழகத்தின் தலைநகரமே இப்போட்டியின் பிள்ளை!

நம் இல்லங்களில் ஆடவர் உடுத்தும் கைலியைப் "பாளையகாட்" என்கிறோம். மலாய்க்காரர் "கைன் பெலேகாட்" என்கின்றனர். இரண்டும் பழவேற்காட்டின் பெயரே. அத்துறையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை, மனிதரும் ஏறினர். 1621-க்கும் 1665-க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கக் கரையிலிருந்தும் ஒல்லாந்தர் அடிமைகளாக ஏற்றிச் சென்றோர் கால் இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தஞ்சை நாட்டில் பிஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வாட்டிய 1659 முதல் 1661 வரையிலான ஆண்டுகளில் மட்டும் எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர். பசித்த தாய் தன் பிள்ளையை ஒரு படி அரிசிக்குத் தரும் நிலை வந்தால், அதை வாணிகம் என்று எழுதிக்கொள்ளும் கணக்கேடு எத்தகைய ஏடு! "ஒல்லாந்தர் வெறும் வணிகர்" என்போர் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். ஆங்கிலேயரைப் புகழ்வோரும் மகிழ வேண்டாம். சென்னைத் துறையிலிருந்தும் அந்நூற்றாண்டில் அடிமைகள் கப்பலேறியதுண்டு.

எதிர்வாதம் ஒன்று

"போட்டியால் நன்மையே இல்லையா? இருவர் வாங்க வந்தால் விற்பவனுக்கு ஆதாயம் அல்லவா?" என்று அறிந்தோர் கேட்பர். இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையன்று. ஒரு கும்பெனி விலையைக் குறைத்தால், பெற்ற முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றொரு கும்பெனிக்குத் துணி கொடுக்க நெசவாளரால் முடிந்த காலம் ஒன்று இருந்தது. நம் மரைக்காயர் பெருமக்களும் இந்த இடைவெளியில் கப்பல் ஓட்டினர். உமறுப்புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி எனும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயரை ஒல்லாந்தரின் ஏடுகள் "பெரிய தம்பி" என்று குறிக்கின்றன. கீழக்கரையிலிருந்து மிளகும் அரிசியும் துணியும் விற்ற அவர், ஒல்லாந்தரோடு பொருதும் இணங்கியும் வாணிகம் செய்தார்; ஆங்கிலேயரோடும் பேசிப் பார்த்தார். சேதுபதியின் அவையில் அவருக்கிருந்த செல்வாக்கை ஒடுக்க ஒல்லாந்தர் முயன்றதும் வரலாறு.

ஆனால் அந்த இடைவெளி எதனால் நிலைத்தது? சேதுபதி போன்ற மண்ணின் அரசர்கள் தம் துறைமுகங்களைத் தம் கையில் வைத்திருந்ததனால் நிலைத்தது. ஒல்லாந்தரோ ஆங்கிலேயரோ அருளியதன்று அது. கடலிலோ, இருவருமே தம் சீட்டில்லாத நம்மவர் கப்பலைப் பிடித்தனர். அரசர்கள் வீழ்ந்து, ஒரு கும்பெனி மற்றதை வென்றதும், இடைவெளியும் மூடிக்கொண்டது. 1801-இல் கர்நாடக நவாபின் நாடு முழுதும் ஆங்கிலக் கும்பெனியின் ஆட்சிக்குள் வந்தபோது, நெசவாளர்க்குப் போக வேறு வாயில் இல்லை. இரண்டு வேடர்கள் சண்டையிடும்போது மானுக்குச் சற்று மூச்சு விட நேரம் கிடைக்கலாம். அதற்காக மான் வேடருக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

நாகூரும் நாகப்பட்டினமும்

ஒல்லாந்தர் 1658-இல் பறங்கியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து, 1690 முதல் அதையே இக்கரைக்குத் தலைமையிடமாகக் கொண்டனர். ஷாஹுல் ஹமீது நாயகம் அவர்கள் அடங்கியிருக்கும் நாகூரும் இவர்கள் கைகளில் பந்தாக உருண்டது. 1773-இல் பணமுடையால் தஞ்சை மன்னர் துளசாசி நாகூரை ஒல்லாந்தருக்கு விற்றார். ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு நவாபும் சேர்ந்து ஒல்லாந்தரை வெளியேற்றினர். சில ஆண்டுகளுக்குள் நாகூர் ஆங்கிலேயர் கையிலேயே வந்து சேர்ந்தது. தர்காவின் திருவாசலில் கூடிய மக்கள், இவ்வாண்டு எவனுக்கு வரி கட்டுவது என்று அறியாது விழித்திருப்பர் அல்லவா?

1780 டிசம்பரில் இங்கிலாந்து ஒல்லாந்தின் மீது போர் தொடுத்தது. அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலை கேட்டுப் போரிட்டன. அவற்றோடு ஒல்லாந்தர் வாணிகம் செய்தனர் என்பது காரணங்களுள் ஒன்று. அமெரிக்கச் சண்டைக்குக் குண்டு விழுந்தது நாகப்பட்டினத்தில்! 1781 நவம்பரில் ஆங்கிலேயர் அதைப் பிடித்தனர். 1784 உடன்படிக்கையில் தமக்கென்றே எழுதி வாங்கிக்கொண்டனர். பழவேற்காடு 1781-இல் ஆங்கிலேயரிடம், 1785-இல் ஒல்லாந்தரிடம், 1795-இல் மீண்டும் ஆங்கிலேயரிடம், 1818-இல் மீண்டும் ஒல்லாந்தரிடம், 1825-இல் முடிவாக ஆங்கிலேயரிடம் என ஊசலாடியது. ஒவ்வோர் ஆட்டத்திலும் பழைய கடன் செல்லாது. பழைய சீட்டு செல்லாது. புதிய அதிகாரிக்குப் புதிய காணிக்கை!

இலங்கையில் என்ன நடந்தது? ஒல்லாந்தர் ஆட்சியில் சோனகர் மீது "ஊழியம்" என்னும் கட்டாயப் பணி சுமத்தப்பட்டது. கொழும்புக் கோட்டையிலும் பேட்டையிலும் அவர்கள் வீடும் நிலமும் கொள்ளத் தடை விதிக்கப்பட்டது. 1796-இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றினர். தடைகள் உடனே அகன்றனவா? இல்லை, ஆண்டுகள் பல நீடித்தன. ஒல்லாந்தர் முஸ்லிம்களுக்கென்று தொகுத்திருந்த சட்ட ஏட்டையே 1806-இல் ஆங்கிலேயர் தம் சட்டமாக வெளியிட்டனர். அரியணையில் ஆள் மாறினார்; ஏடு மாறவில்லை.

நட்பின் விலை

1824 மார்ச் 17-ஆம் நாள் இலண்டனில் இரு நாட்டாரும் அமர்ந்து கையெழுத்திட்டனர். இந்தியாவிலிருந்த ஒல்லாந்தர் ஊர்கள் அனைத்தும் ஆங்கிலேயருக்கு, மலாக்காவும் ஆங்கிலேயருக்கு, சுமத்திராவிலிருந்த பெங்கூலன் ஒல்லாந்தருக்கு. பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் பரங்கிப்பேட்டையும் தூத்துக்குடியும் ஒரு தாளில் கைமாறின. ஜொகூர் சுல்தானின் நாடு கடலின் நடுவே இரண்டாகக் கிழிக்கப்பட்டது. ஒரு பாதி பின்னாளில் மலேசியாவிலும் மறுபாதி இந்தோனேசியாவிலும் சேர்ந்தது. ஒரே மொழியும் ஒரே மார்க்கமும் ஒரே குடும்பமுமாய் இருந்தோர் அயல்நாட்டார் ஆயினர். நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அத்துறைகளுக்குக் கப்பலோட்டிய நம் மரைக்காயர்கள், ஒரே கடலில் இரண்டு சட்டங்களுக்குத் தலைவணங்க நேர்ந்தது.

1824-இல் ஆச்சே நாட்டின் விடுதலைக்கு ஊறு செய்வதில்லை என்று ஒல்லாந்தர் வாக்களித்திருந்தனர். 1871-இல் அந்த வாக்கு விலைபோயிற்று. ஆப்பிரிக்காவின் பொற்கரையிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைகள் ஆங்கிலேயருக்குக் கிடைத்தன. சுமத்திராவில் விரும்பியதைச் செய்ய ஒல்லாந்தருக்கு வழிவிடப்பட்டது. தென்னமெரிக்காவில் ஒல்லாந்தருக்கிருந்த சூரினாம் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கூலியாட்கள் கொண்டுசெல்லவும் ஆங்கிலேயர் இசைந்தனர். ஆப்பிரிக்கர், ஆச்சே மக்கள், இந்தியர் என மூன்று மக்களின் தலைவிதி ஒரே பேரத்தில்! 1873-இல் ஆச்சே மீது ஒல்லாந்தர் படையெடுத்தனர். அப்போர் பல பத்தாண்டுகள் எரிந்தது. அதே 1873-இல் கூலியாட்களை ஏற்றிய முதற்கப்பல் சூரினாமை அடைந்தது. 1916-க்குள் அவ்வாறு சென்றோர் ஏறத்தாழ முப்பத்து நாலாயிரம் பேர்.

இதற்குப் பிறகும் நட்பு முடியவில்லை. 1945-இல் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தபோது, பிரிட்டிஷ் படைகள் அங்கே இறங்கின. அவற்றின் பின்னால் ஒல்லாந்தர் திரும்பி வந்தனர். சுரபாயாவில் அந்நாட்டு இளைஞர் மீது சுட அனுப்பப்பட்டவருள் பெரும்பாலோர் இந்தியப் படைவீரர். அடிமைப்பட்ட ஒரு நாட்டின் பிள்ளைகளைக் கொண்டு இன்னொரு நாட்டை அடிமைப்படுத்தப் பார்த்தனர்! மனம் பொறாது இந்தோனேசியர் பக்கம் சேர்ந்த இந்திய வீரர்களும் உண்டு. அவர்களுள் முஸ்லிம்கள் பலர். எந்த எசமான் நல்லவன் என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடையே சரியான விடை.

கல்லறைகள் பேசுகின்றன

இன்று பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் ஒல்லாந்தரின் கல்லறைகள் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. குலச்சின்னம் செதுக்கிய கற்கள், அழகிய எழுத்துக்கள், காண வருவோர் படம் பிடித்துச் செல்கின்றனர். காக்கட்டும், கல்லின் மீது நமக்குக் காழ்ப்பில்லை. ஆனால் அதே துறையில் சங்கிலியோடு கப்பலேறியவர்களுக்கு ஒரு கல் உண்டா? விற்றவனின் பெயர் பளிங்கில். விற்கப்பட்டவனின் பெயர் கடலில்.

ஒல்லாந்தர் தம் ஏடுகளை ஹேக் நகரில் காத்து வைத்திருக்கின்றனர். ஆங்கிலேயர் இலண்டனில் காத்து வைத்திருக்கின்றனர். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் ஒல்லாந்தர் ஏடுகள் உள்ளன. நம் ஏடுகள் எங்கே? பரணில் கறையானுக்கு இரையாகும் அரபுத்தமிழ்ச் சுவடிகளும், பாட்டனார் எழுதிய கப்பற் கணக்கும், மையவாடியில் சாய்ந்து புதையும் மீசான் கற்களும் தவிர நம்மிடம் வேறென்ன சான்று? வெள்ளையடிக்கும்போது எழுத்து மறையும்படி சுண்ணாம்பு பூசப்படும் ஒவ்வொரு மீசான் கல்லோடும் நம் பக்கத்துச் சாட்சி ஒன்று வாய் மூடுகிறது.

ஆகவே, குடும்பத்துப் பெரியோரே! பழைய கணக்கேட்டைக் கடைக்குப் போடுமுன் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மையவாடிக் கற்களின் எழுத்தை ஒரு நோட்டில் பெயர்த்தெழுதுங்கள். பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் "போட்டி" என்ற சொல் வரும்போது, "யாருடைய ஊரில், யாருடைய செலவில்?" என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளையை இனி எந்த எசமானின் பெருமையும் மயக்காது.